மேனாம்பேட்டில் எட்டு மணிப் போட்டிக்கு எத்தனை மணிக்கு உடம்பைச் சூடாக்குவது?

எங்கள் குடியிருப்பில் ஓர் இளம் தகப்பனார் சென்ற வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மகளுக்கு முதல் ஸ்கேட்டிங் போட்டி. அழைப்பில் காலை எட்டு மணி என்று போட்டிருக்கிறது. எத்தனை மணிக்கு வார்ம் அப் ஆரம்பிக்க வேண்டும்? ஏழரைக்கு என்று சொல்லியிருந்தால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும். தவறான பதிலாகவும் இருந்திருக்கும். சரியான பதிலைச் சொல்ல எனக்கு ஒரு ரயில், ஒரு ஆட்டோ, ஒரு அம்பாசிடர் கார் எல்லாம் தேவைப்படுகின்றன. அவரை லிஃப்ட் வாசலில் நிறுத்திவைக்க மனம் வராமல் இங்கே எழுதுகிறேன்.

அது 1992 ஜனவரி, பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு. நாங்கள் அப்போது பட்டாபிராமில் இருந்தோம். நான் ஒரு நாளிதழில் நிருபர். மகள் ரேவதிக்கு வயது பதினொன்று. மூன்று வருடமாக ஸ்கேட்டிங் பழகிக்கொண்டிருந்தாள். நான்கு சக்கரம் வைத்த ஷூ, முழங்காலுக்குத் துணி உறை, தலைக்கு அவளுடைய மாமாவின் பழைய ஹெல்மெட். இவ்வளவுதான் அவளுடைய சாமான்.

முந்தைய வருடம் ஆவடியில் ஒரு போட்டி. அதுவும் எட்டு மணிதான். பயிற்சியாளர் பீட்டர் சார் ஏழரைக்கே பிள்ளைகளை ஓடவிட்டு, கை கால் வீசவிட்டு, முறையாகத் தயார்செய்தார். எட்டு மணிக்கு எல்லாரும் சக்கரங்களோடு அணிவகுப்பில் நின்றார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. "இன்னும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார், வரிசை கலைய வேண்டாம்" என்று ஒலிபெருக்கி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தது. வந்தது ஒன்பது ஐம்பதுக்கு. விளக்கேற்றி, சால்வை போர்த்தி, பேசி முடித்த கையோடு விசில் ஊதினார்கள். இரண்டரை மணி நேரம் பனியில் அசையாமல் நின்ற பிள்ளைகள் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் கிளம்பினார்கள். இரண்டு பேர் விழுந்தார்கள். ஒருத்தி ரேவதி. இடது தொடையின் உள்பக்கத் தசை பிடித்துக் கிழிந்திருந்தது. ஆறு வாரம் நொண்டினாள். மறுபடி அதே இடத்தில் கிழிந்தால் சக்கரத்தை மறந்துவிடுங்கள் என்றார் மருத்துவர்.

என் மனைவி விஜயா மருத்துவரைவிடக் கறார். இந்த முறை அனுப்பவே மாட்டேன் என்றவள், ஒரு வாரம் யோசித்து ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். "ஜெயிக்கணும்னு நான் சொல்லல. ஸ்டேஷன்ல இறங்கி நேரா நடந்து வரணும். ஒரு எட்டு நொண்டினாலும் அந்த ஷூவ வேற புள்ளைக்குக் குடுத்துடுவேன்." ரேவதி சரி என்றாள். விஜயா சொன்னால் செய்வாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

காலை 5:40 ரயில். பட்டாபிராமிலிருந்து அம்பத்தூருக்கு ஆளுக்கு இரண்டு ரூபாய், இருபத்திரண்டு நிமிடம். ஞாயிறு என்பதால் பெட்டியில் பால்காரர்கள் மூவரும் நாங்களும்தான். 6:02க்கு இறங்கினோம். அங்கிருந்து மேனாம்பேட்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நடந்தே போகலாம் என்று பீட்டர் சார் சொல்லியிருந்தார். நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் தொழிற்சாலைகளின் சங்கு ஊதாது, அதனால் தெரு இன்னும் எழுந்திருக்கவில்லை. ஏரிப் பக்கமிருந்து பனி தாழ்வாக வந்துகொண்டிருந்தது.

ஸ்டேஷன் சுவரிலேயே எனக்கு முதல் தகவல் கிடைத்துவிட்டது. ஒரு பிரமுகரை வரவேற்கும் சுவரொட்டி. கொரட்டூரில் வெட்கிரைண்டர் கடைத் திறப்பு விழா, காலை எட்டரை மணி. அதே பிரமுகரின் பெயர்தான் எங்கள் போட்டியின் அழைப்பிலும் இருந்தது, காலை எட்டு மணிக்கு. இருபது வருடம் விழாக்களுக்குப் போய் வந்தவன் நான். தை மாத முதல் முகூர்த்த ஞாயிற்றில் ஒரு பிரமுகருக்கு இரண்டு நிகழ்ச்சி மட்டும் இருக்காது என்று தோன்றியது. போன வருடம் இது ஏன் தோன்றவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அலுவலகத்துக்காகப் போகும்போது நிருபராகவும், மகளோடு போகும்போது வெறும் தகப்பனாகவும் போயிருக்கிறேன். அதுதான் காரணம்.

போட்டி நடந்த இடம் ஒரு பள்ளியின் சிமென்ட் தளம். சுற்றளவு நூறு மீட்டர். பனியில் தளம் முழுக்க நனைந்திருந்தது. ஆட்கள் சாக்கு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு மேல் வந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் போட்டிக்கு வரும் குடும்பங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளையை அசையவிட மாட்டார்கள். போர்வையைச் சுற்றி நாற்காலியில் உட்காரவைத்து குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஆவடியிலிருந்து வந்த ஸ்டெல்லா என்ற பெண். அந்த வயதுப் பிரிவில் எல்லாரும் பயப்படும் ஓட்டக்காரி. கையை வீச எழுந்தவளை அவள் அம்மா தோளைப் பிடித்து அமுக்கினார். "உக்காரு. இருக்கற சத்த இங்கியே செலவு பண்ணிட்டா அங்க இன்னா பண்ணுவே?"

7:20க்குப் பீட்டர் சார் எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அவர் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஞாயிறு மட்டும் பயிற்சியாளர். பேச்சு குறைவு. நான் சுவரொட்டியைப் பற்றிச் சொல்லி, இப்போது ஆரம்பிக்க வேண்டாம், விருந்தினர் எப்போது வருவார் என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் தளத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. நீங்க வர்ற வரைக்கும் ஸ்வெட்டர் போட்டு வச்சிருக்கேன். சும்மா நடக்க மட்டும் விடறேன். ஆனா தப்பா சொல்லிடாதீங்க சார், போன வருஷமே எனக்குத் தூக்கம் போச்சு." அவருக்கும் அது உறுத்திக்கொண்டிருந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

மேனாம்பேட்டிலிருந்து கொரட்டூர் அந்தக் கடைக்கு மூன்றரை கிலோமீட்டர், ஆட்டோவுக்கு பன்னிரண்டு ரூபாய். ஓட்டுநர் முதலில் என்னைக் கடை திறப்புக்குப் போகிறவன் என்று நினைத்துவிட்டார். "இன்னா சார், மொத ஆளா போனா ஒரு கிரைண்டர் ஃப்ரீயா?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும், பத்திரிகைக்காரர் போன் போட்டுக் கேட்க வேண்டியதுதானே, இதற்கு எதற்கு ஆட்டோ என்றார். நியாயமான கேள்வி. பிரமுகர்களின் வீட்டுக்குப் போன் போட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: ஐயா கிளம்பிவிட்டார். அவர் குளித்துக்கொண்டிருக்கும்போதும் அதைத்தான் சொல்வார்கள். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். விருந்தினரிடம் கேட்பதில்லை, விழாக்காரரிடமும் கேட்பதில்லை. காரோட்டியிடம் கேட்பது. அவர் ஒருவருக்குத்தான் அன்றைய வரிசை முழுவதும் தெரியும். அதை மறைக்க அவருக்கு அவசியமும் இல்லை.

7:55க்குப் போய்ச் சேர்ந்தேன். கடை வாசலில் அப்போதுதான் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரே டீக்கடையில் காத்திருந்தேன். ஆட்டோக்காரர் போகவில்லை. காத்திருப்புக்கு எட்டு ரூபாய் கேட்டவர், டீக்கடையில் உட்கார்ந்து, இந்தக் கார் எத்தனை மணிக்கு வரும் என்று மற்றவர்களோடு பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய கணக்கும் சரியாகவில்லை. 9:05க்கு அம்பாசிடர் வந்தது. பிரமுகர் உள்ளே போனார். காரோட்டி இறங்கி மஞ்சள் துணியால் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். ஒரு டீயோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஸ்கேட்டிங்கா? அது மூணாவதா கீது அண்ணாத்தே" என்றார் அவர். "இத்த முட்ச்சிகினு பாடில ஒரு காதுகுத்து. அங்க எலை போட்ருவாங்க. சாப்ட்டுட்டுதான் எந்திரிப்பாரு. பத்தே முக்காலு வச்சிக்க."

எட்டு மணிக்கு வருவதாக அழைப்பில் போட்டிருக்கிறார்களே என்றேன்.

"போட்டவன் கையில வண்டி சாவி இல்லியே நைனா."

இன்னொன்றும் கேட்டேன். எவ்வளவு நேரம் பேசுவார்? மைக் கைக்கு வந்தால் இருபது நிமிடம், சால்வை தனி என்றார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். 10:45, அதோடு இருபது, அதோடு விளக்கும் சால்வையும். ஆக, முதல் விசில் 11:15க்கு முன்னால் இல்லை. அந்த மனிதரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் தொழிலில் மன்னிக்க முடியாத பிழை. நன்றி சொல்லும்போதெல்லாம் இன்றும் உறுத்துகிறது.

9:35க்குத் திரும்பி வந்தபோது ஒலிபெருக்கி அதே ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. எட்டு மணியிலிருந்து பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் நடுங்கினார்கள். பீட்டர் சாரைத் தனியே அழைத்துச் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். கஷ்டப்பட்டு நான் திரட்டிய செய்தி, என் மகளுக்கு உதவட்டும் என்பது என் எண்ணம். அடுத்த பத்திரிகைக்குச் செய்தியைக் கொடுக்காதவன் அல்லவா! ரேவதி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அவள் ஸ்டெல்லாவின் காதில் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா அடுத்தவளிடம் சொன்னாள். கால் மணி நேரத்தில் வரிசை முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

ஏன் சொன்னாய் என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டிருப்பேன்.

"போன வருஷம் எனக்குக் கிழிஞ்சது அவளுக்குக் கிழியாதாப்பா? அவளுக்கும் இதே கால்தானே" என்றாள்.

அதற்குப் பிறகு ஒளிக்கவும் ஒன்றும் இல்லாததால், பீட்டர் சாரும் நானும் அமைப்பாளரிடம் போனோம். பத்தேகால் மணியிலிருந்து அரை மணி நேரம் எல்லாப் பிள்ளைகளையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விடச் சொன்னோம். அவர் பயந்தார். வரிசை கலைந்திருக்கும்போது விருந்தினர் வந்துவிட்டால் தன் தலை போய்விடும் என்றார். 10:45க்கு முன்னால் வந்தால் விருந்தினரிடம் மன்னிப்புக் கேட்டு என் பத்திரிகையில் நானே எழுதுகிறேன் என்றேன். அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அவருக்கு அது தெரியவில்லை. தலையாட்டினார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பீட்டர் சார் செய்ததை விவரமாகவே சொல்கிறேன், இதற்காகத்தானே படிக்கிறீர்கள். முதல் பத்து நிமிடம் சக்கரம் இல்லாமல். மெதுவான ஓட்டம், பேசிக்கொண்டே ஓடும் வேகம்தான். பிறகு கைகளைச் சுழற்றுவது, முழங்காலை இடுப்பு வரை தூக்கி நடப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டிலும் வீசுவது. ஒரே நிலையில் இழுத்துப் பிடித்து நிற்கும் பயிற்சி எதையும் அவர் கொடுக்கவில்லை. அதெல்லாம் பந்தயம் முடிந்த பிறகு என்றார். பக்கவாட்டில் அகலமாக அடி வைத்துத் தாழ்ந்து எழுவதை மட்டும் எல்லாரையும் இரண்டு மடங்கு செய்யவைத்தார். ஸ்கேட்டிங்கில் தள்ளுவது பக்கவாட்டில்தான், கிழிவதும் அந்தத் தசைதான். அதன் பிறகு சக்கரம் மாட்டி மெதுவான சுற்றுகள். கடைசியாக பத்து மீட்டருக்கு மூன்று வேகமான புறப்பாடு. நெற்றியில் வியர்வை அரும்ப வேண்டும், மூச்சு வாங்கக் கூடாது. வியர்த்ததும் ஸ்வெட்டர். ஸ்டெல்லாவின் அம்மா குளுக்கோஸ் தம்ளரோடு சுற்றிச் சுற்றி வந்து, பிறகு அதைத் தானே குடித்துவிட்டார்.

கார் 10:50க்கு வந்தது. காரோட்டியின் கணக்கில் ஐந்து நிமிடம்தான் பிழை. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், விளக்கேற்றினார்கள், பிரமுகர் மைக்கைப் பிடித்தார். நான் மணியைப் பார்த்தேன். நின்றால் கால் மணி நேரத்தில் சூடு இறங்கிவிடும் என்று பீட்டர் சார் சொல்லியிருந்தார். இருபது நிமிடப் பேச்சு என்றால் போன வருடக் கதைதான். அதற்கும் அவர் ஒரு வழி சொல்லி வைத்திருந்தார்: வரிசையில் இடம் மாறாமல், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்க வேண்டும். ரேவதி ஆரம்பித்தாள். ஸ்டெல்லா ஆரம்பித்தாள். பிறகு நாற்பது பிள்ளைகளும். நூற்றறுபது ஜோடிச் சக்கரங்கள் சிமென்டில் கடகடவென்று தட்டின.

அவள் ஒருத்தி மட்டும் செய்திருந்தால் யாராவது அதட்டி நிறுத்தியிருப்பார்கள். நாற்பது பேரை யார் அதட்டுவது? பிரமுகர் விளையாட்டின் பெருமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான்காவது நிமிடத்தில் நிறுத்தி, கீழே பார்த்தார். "இந்தக் குழந்தைங்களுக்கு என்ன அவசரமோ தெரியல. போக வேண்டிய இடத்துக்கு முதல்ல போயிட்டு வரட்டும். நான் குறுக்க நிக்கல" என்று மைக்கைக் கொடுத்துவிட்டார். கூட்டம் சிரித்தது. சால்வையை நடந்துகொண்டே வாங்கிக்கொண்டார். பிள்ளைகளை நேராக பாத்ரூமுக்கு அனுப்பப்போன அமைப்பாளரைப் பீட்டர் சார் தடுத்து, விசிலை ஊதச் சொன்னார். மணி 11:02. அந்தப் பிரமுகருக்கும் என் நன்றி உண்டு. நல்ல மனதோடுதான் நிறுத்தினார்.

முதல் பந்தயமே ரேவதியுடையது: ஐந்நூறு மீட்டர், ஐந்து சுற்று, எட்டுப் பெண்கள். முதல் இருவர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். விசில் ஊதியபோது என் கையில் குறிப்பேடு இருந்தது, ஒன்றும் எழுதவில்லை. யார் முந்துகிறார்கள் என்று பார்க்கவில்லை. அவளுடைய இடது தொடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தள்ளு போனது, இரண்டாவது போனது. எட்டுப் பேரில் ஒருத்தியும் விழவில்லை. ஸ்டெல்லா முதலாவதாக வந்தாள். ரேவதி மூன்றாவது, இரண்டாமவளுக்கும் அவளுக்கும் ஒரு கை தூரம். மாநிலப் போட்டி இல்லை. கொஞ்ச நேரம் அழுதாள். ஸ்டெல்லாவின் அம்மா எங்களை அழைத்துத் தங்கள் இட்லி டப்பாவிலிருந்து வைத்தார். "உங்க பொண்ணு சொல்லலேன்னா எம் பொண்ண நானே முடமாக்கியிருப்பேன் சார்" என்றார். காலையில் எனக்கு இருந்த எண்ணத்தை நினைத்து, இட்லியைத் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

சாப்பிட்டதும் கிளம்ப இருந்தேன். பீட்டர் சார் விடவில்லை. சூடாக்கினால் ஆற்றவும் வேண்டும் என்று பத்து நிமிடம் மெதுவாகச் சுற்றவிட்டு, அதன் பிறகுதான் அந்த இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகளைச் செய்யவைத்தார். வேகமாக ஓடிவிட்டு அப்படியே ரயிலில் உட்கார்ந்தால் இறங்கும்போது கால் மரக்கட்டையாகிவிடுமாம்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு, இப்போது ரயில் நேரமும் கட்டணமும் மாறியிருக்கும். அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து மேனாம்பேடு நடக்கும் தூரம்தான், அதே தூரம்தான். முந்தைய ரயிலைப் பிடியுங்கள், இடம் கிடைக்கும். தளம் ஈரமா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஸ்வெட்டர் ஜனவரிக்கு மட்டுமல்ல, எல்லா மாதத்துக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பில் உள்ள நேரத்திலிருந்து கணக்குப் போடாதீர்கள். முதல் விசில் எப்போது என்று கண்டுபிடித்து, அதிலிருந்து நாற்பது நிமிடம் பின்னால் போங்கள். அதைக் கண்டுபிடிக்க வீட்டில் ஒருவர் அலைந்தே தீர வேண்டும். இப்போதும் விளக்கேற்றாமல் போட்டிகள் தொடங்குவதில்லை என்று கேள்விப்படுகிறேன். தெரிந்ததை மற்ற பெற்றோருக்கும் சொல்லுங்கள்.

1:35 ரயிலில் ரேவதி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. ஆவடி தாண்டியதும் எழுப்பி, காலை நீட்டி மடக்கச் சொன்னேன். 1:58க்குப் பட்டாபிராம். ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் கீழ்ப்படியில் விஜயா நின்றிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கி வரும் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவதும்மா" என்றாள் ரேவதி.

"வலிக்குதா?"

"இல்ல."

"மறுபடி மேல ஏறி எறங்கு. பாக்கறேன்."

ரேவதி ஷூப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். எல்லாப் படியும் ஏறி, உச்சியில் ஒரு முறை திரும்பிப் பார்த்து, ஒவ்வொன்றாக இறங்கி வந்தாள். நடுவில் எதிரே வந்த ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். கடைசிப் படியில் அவள் கால் வைத்ததும் விஜயா என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். மூன்று வருடத்தில் அதை அவள் தொட்டு நான் பார்த்தது அன்றுதான். வீடு வரை அவளே சுமந்து வந்தாள்.